நாற்பத்து நான்காவது புள்ளி

முத்துமீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். இது வில்லாபுரத்தில் அவள் குடியிருக்கும் தெருவுக்கும் தெரியும், பரவையைத் தாண்டித் திண்டுக்கல் சாலையில் அவள் வேலை பார்க்கும் பொறியியல் கல்லூரிக்கும் தெரியும். கோபம் வருவது பெரிய விஷயமில்லை, மதுரை வெயிலில் யாருக்குத்தான் வராது. எதற்கு வருகிறது என்பதுதான் விஷயம். மற்றவர்கள் தண்ணீர் வரவில்லை, பஸ் நிற்கவில்லை என்று கத்துவார்கள். இவள், யாராவது பை என்றால் 22/7 என்று சொல்லிவிட்டால் கத்துவாள்.

"பை வேற, 22/7 வேற. ரெண்டும் ஒண்ணுன்னு இன்னொரு தடவ எழுதுனா பேப்பரக் கிழிச்சுருவேன்."

ஒரு நாளும் கிழித்ததில்லை. ஆனால் வருஷா வருஷம் சொல்ல வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்துப் புத்தகம் '22/7 எனக் கொள்க' என்று சொல்லியிருக்கும். கணக்குப் போட வசதியாக இருக்கட்டும் என்று கொள்ளச் சொன்னார்கள். அதுவேதான் பை என்று நம்பிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டையையும் மாட்டிக்கொண்டு, அறுபது பேர் வந்து உட்கார்ந்திருப்பார்கள். முடிவே இல்லாத ஒரு தசமத்தை இரண்டு முழு எண்களுக்குள் அடைத்துவிட்ட திருப்தி அந்த முகங்களில் தெரியும். அதைப் பார்த்தால் முத்துமீனாவுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவள் செல்லம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பெண். அப்பா கருத்தக்கண்ணன் மூன்று ஏக்கர் வைத்துக்கொண்டு மகளை எம்.இ. வரைக்கும் படிக்கவைத்தார். "அப்படி என்னத்தா படிச்ச?" என்று அவர் கேட்டபோது, "அலையப் பத்திப்பா" என்றாள். கடல் இல்லாத ஊரில் அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கல்யாணமாகி வில்லாபுரம் வந்தாள். கணவன் சிவக்குமார் அவனியாபுரத்தில் கண்ணாடிக்கடை வைத்திருந்தான், சாது. காலையில் பெரியார் நிலையம் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ் என்று பன்னிரண்டு வருஷமாக அதே கல்லூரி, அதே பதவி. பதவி உயர்வுக்கான அவளுடைய கோப்பு ஒருவழியாக இந்த வருஷம்தான் துறைத் தலைவரின் மேஜைக்கு வந்திருந்தது.

அவள் நடத்தும் பாடத்தில் ஒரு இடம் உண்டு. அந்த இடத்துக்கு வந்தால் முத்துமீனா வேறு ஆளாகிவிடுவாள். சைன் அலை என்பது ஏறும், இறங்கும், கிளம்பிய இடத்துக்கே திரும்ப வரும். அதைத் தொடர்ச்சியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் ஒரே மாதிரி திரும்பிக்கொண்டுதான் இருக்கும். ஆனால் கணினிக்குள் அலை அப்படியே போகாது. இத்தனை நேரத்துக்கு ஒரு முறை என்று புள்ளி புள்ளியாக எடுத்துத்தான் உள்ளே அனுப்ப வேண்டும். இதற்கு சாம்ப்ளிங் என்று பெயர். அப்படி எடுத்த புள்ளிகள் திரும்ப வருமா? பிள்ளைகள் யோசிக்காமல் வரும் என்பார்கள். முத்துமீனா சாக்பீஸை வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு ராட்டினத்தைக் கிளப்புவாள்.

"தமுக்கத்துல பொருட்காட்சி ராட்டினம் பாத்துருக்கீங்கள்ல? அதுல ஒரே ஒரு பெட்டி மட்டும் செவப்பு. நீ கீழ நின்னுக்கிட்டு செகண்டுக்கு ஒரு படம் எடுக்குற. ராட்டினம் ஒரு சுத்துக்கு எட்டு செகண்டு எடுத்தா, எட்டாவது செகண்டுல எடுத்த படத்துல செவப்புப் பெட்டி பழைய எடத்துக்கே வந்துரும். அங்கிட்டு இருந்து படமெல்லாம் திரும்ப அதே வரிசைதான். ஆனா ஒரு சுத்துக்கு ரெண்டு பை செகண்டுன்னு வை. ஆறே கால் செகண்டுக்கு மேல கொஞ்சம், அந்தக் கொஞ்சத்துக்கும் முடிவே இல்ல. இப்ப நீ ஆயுசு பூரா படம் எடுத்தாலும் மொதப் படம் மாதிரி இன்னொண்ணு கெடைக்காது. ராட்டினம் ஒழுங்காத்தான் சுத்துது. நீ படம் எடுக்குற நேரமும் அதோட நேரமும் ஒட்டல, அம்புட்டுத்தான்."

இதைக் கேட்டு வருஷத்துக்கு இரண்டு பேர், மிஞ்சிப்போனால் மூன்று பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்காகத்தான் அவள் இரண்டு பஸ் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

இந்த வருஷம் நிமிர்ந்தவர்களில் ஒருத்தி பவதாரிணி. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கிராமம். அவளுடைய தாத்தா காலம் வரைக்கும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை, அப்பா மருது காலத்தில்தான் சொந்தமாகக் கடலை போட ஒன்றரை ஏக்கர். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு கல்லூரிக்கு வந்தவள். கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, பிடிவாதக்காரி என்று சொல்லலாம். ஒரு விஷயம் புரியாவிட்டால் அடுத்த விஷயத்துக்கு நகரமாட்டாள். பரீட்சைக்கு இந்தக் குணம் ஆகாது. கடைசிப் பருவம் முடிந்து, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றில் வேலையும் கிடைத்திருந்தது. மிச்சமிருந்தது முத்துமீனாவின் பாடத்தில் மட்டும் ஒரு அரியர்.

தேர்வு முடிவு வந்த மறுநாள் அவள் விடைத்தாளின் நகலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முப்பத்தொன்பது மார்க். தேற நாற்பத்தைந்து வேண்டும்.

"கம்பெனியில பத்து நாள் டைம் குடுத்துருக்காங்க மேம். அரியர் இல்லன்னு காட்டணும். இல்லன்னா வேற ஆளு" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட முத்துமீனாவுக்கு வசதியாக இருந்திருக்கும், இரண்டு அதட்டு அதட்டி அனுப்பியிருப்பாள்.

தாளைப் புரட்டினாள். பதிமூன்றாவது கேள்வி, எட்டு மார்க். 'சைன் அலை ஒன்றை வினாடிக்கு ஒரு முறை மாதிரி எடுத்தால் கிடைக்கும் புள்ளிகள் திரும்ப வருமா? காரணம் காட்டுக.' அலையின் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் இரண்டு பை வினாடி. ராட்டினக் கேள்வியேதான்.

பவதாரிணி 'வராது' என்று எழுதியிருந்தாள். காரணமும் சரி. அதோடு விட்டிருக்கலாம். பிள்ளை விடவில்லை. '22/7 என்று எடுத்தால் நாற்பத்து நான்காவது புள்ளியில் திரும்ப வருவதுபோலத் தோன்றும். ஆனால் சைன் 44-இன் மதிப்பு 0.0177, பூஜ்யம் அல்ல. நாற்பத்து நான்குக்கு ஒரு முறை திரும்புவது உண்மையானால் 4400-இலும் பூஜ்யம் வர வேண்டும். அங்கே 0.98 வருகிறது' என்று கால்குலேட்டரைத் தட்டித் தட்டிச் சரிபார்த்து இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். அதாவது நாற்பத்து நான்காவது படத்தில் மயிரிழை தள்ளி நின்ற சிவப்புப் பெட்டி, நாலாயிரத்து நானூறாவது படத்தில் ராட்டினத்தின் உச்சிக்கே போய்விட்டது.

முத்துமீனா அந்த இடத்தை இரண்டு முறை படித்தாள். 4400 வரைக்கும் போய்ப் பார்க்கலாம் என்று அவளுக்கே தோன்றியதில்லை. அந்த இரண்டு பக்கத்தையும் குறுக்காகக் கோடிட்டு, மூலையில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தது.

"இதுக்கு எம்புட்டு நேரம் எடுத்த?"

"நாப்பது நிமிஷம் மேம்."

"எட்டு மார்க்குக்கு நாப்பது நிமிஷமா? அறிவிருக்கா உனக்கு? பதினஞ்சாவது கேள்விய யாரு எழுதுவா?"

"நேரம் பத்தல மேம்" என்றாள் பவதாரிணி. "ஆனா இது சரிதான மேம்?"

"சரிதான்" என்றாள் முத்துமீனா. கோபம் அப்போதே கிளம்பிவிட்டது, யார் மேல் என்றுதான் இன்னும் முடிவாகவில்லை. "போயிட்டு நாளைக்கு வா. நான் பாக்குறேன்."

தேர்வுப் பிரிவில் அழகுபாண்டி இருந்தான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, அந்தப் பூசாரி இவன்தான். நகலைப் பார்க்காமலே பேசினான்.

"ஆன்சர் கீயில என்ன இருக்கோ அதத்தான் மேடம் பேப்பர் திருத்துற வேல்யூவர் பாப்பாரு. கீயில 'திரும்ப வரும், நாப்பத்து நாலு'ன்னு இருக்கு. புள்ள 'வராது'ன்னு எழுதிருக்கு. பூஜ்யம்."

"கீயே தப்பு தம்பி."

"அப்ப ரீவேல்யூவேஷன் போடச் சொல்லுங்க."

"ரீவேல்யூவேஷன்ல எந்தக் கீய வச்சுத் திருத்துவீங்க?"

அழகுபாண்டி சற்று யோசித்தான். "அதே கீதான் மேடம்."

"வேற யாராச்சும் படிச்சுப் பாக்க மாட்டாங்களா?"

"கீய மாத்தணும்னா எச்.ஓ.டி. கையெழுத்துப் போட்டு லெட்டர் தரணும் மேடம். நான் என்ன செய்ய, எனக்கு சைனும் தெரியாது ஒண்ணும் தெரியாது. நான் பி.காம்."

இவனிடம் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது என்று படியிறங்கினாள். இறங்கும்போது வேறொரு நினைப்பு வந்து குத்தியது. அவள் பாடத்தில் நன்றாகக் கவனிக்கிற பிள்ளைகள் சில வருஷங்களில் எதிர்பாராமல் மார்க் குறைந்து போவார்கள். மனப்பாடம் செய்கிற கூட்டம் தேறிவிடும். பதட்டத்தில் எழுதியிருப்பார்கள் என்று நினைத்து அந்த நல்ல பிள்ளைகளையே அவள் திட்டியிருக்கிறாள். வினாத்தாளும் கீயும் பாடம் நடத்துகிறவர் பார்வைக்கு வருவதில்லை. இந்தக் கேள்வி அந்த வருஷங்களிலும் வந்ததா? வந்திருந்தால்? மேற்கொண்டு யோசிக்கப் பயமாக இருந்தது.

துறைத் தலைவர் காசிமாயன் மூன்று நாள் கையில் அகப்படவில்லை. கல்லூரியைத் தர மதிப்பீடு செய்ய வெளியிலிருந்து குழு வருகிறதாம். சுவருக்கு வெள்ளையடிப்பதும் செடித்தொட்டி வாங்குவதுமாக ஓடிக்கொண்டிருந்தார். முதல் நாள், "சாயந்தரம் வாங்கம்மா." இரண்டாம் நாள், "நாளைக்குப் பேசிக்கிருவோம்." மூன்றாம் நாள் அவர் அறை பூட்டிக் கிடந்தது. தினமும் பவதாரிணி கொட்டாம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்து வராண்டாவில் நின்றாள். "என்னாச்சு மேம்?" என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டாள், முகத்தைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்குப் பயந்து முத்துமீனா பின்வாசல் வழியாக வகுப்புக்குப் போனாள். பன்னிரண்டு வருஷ வேலையில் ஒரு மாணவிக்குப் பயந்து ஒளிந்தது அதுதான் முதல் தடவை, அந்த ஆத்திரமும் சேர்ந்துகொண்டது.

நான்காம் நாள் காலையில் காசிமாயன் பைக்கை நிறுத்துவதற்குள் போய் நின்றுவிட்டாள்.

அவர் நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். எந்தப் பிரச்சினையையும் கண் கொண்டு பார்க்காதவரும்கூட. நகலை வாங்கி மேஜையில் வைத்துக்கொண்டு, "இதெல்லாம் இம்புட்டு நுணுக்கமா பாக்கணுமாம்மா?" என்றார்.

"கால்குலேட்டர எடுங்க சார். சைன் நாப்பத்து நாலு போடுங்க."

போட்டார். 0.69 என்று வந்தது. முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, அந்தப் புள்ளையோடதும் தப்பு."

"டிகிரியில இருக்கு சார். ரேடியனுக்கு மாத்துங்க."

மாற்றுவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. 0.0177. "இது பூஜ்யந்தானம்மா. ஒரு தசமத்துக்குப் பாத்தா பூஜ்யந்தான."

"நாலாயிரத்து நானூறு போடுங்க."

போட்டார். 0.98. கால்குலேட்டரை அணைத்து, மறுபடியும் உயிர்ப்பித்து, இன்னொரு முறை போட்டார். அதே 0.98. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

முத்துமீனாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. வந்த வேகத்தில் மூன்று நாள் சேர்த்து வைத்ததையும் கொட்டிவிட்டாள். "எவன் சார் இந்தக் கீய எழுதுனது? ரெண்டு பையில பைக்குப் பதிலா 22/7 போட்டு, ஏழால பெருக்கி, நாப்பத்து நாலுன்னு எழுதி வச்சுருக்கான். எட்டாங்கிளாஸ் புள்ளகூட பாத்து எழுதும். விடிய விடிய ராமாயணம் கேட்டு சீதைக்கு ராமன் சித்தப்பன்னு சொன்ன கதையா இருக்கு. இவனெல்லாம் காலேஜுல வாத்தியாரா?"

காசிமாயன் எழுந்து பீரோவைத் திறந்தார். துறையின் வினா வங்கி அங்கேதான் இருந்தது. பல வருஷங்களுக்கு முன்னால் கேள்விகளையும் விடைகளையும் கையால் எழுதி நாடா போட்டுக் கட்டிய கோப்பு. அதிலிருந்துதான் வினாத்தாளும் கீயும் தயாராகும். கேள்வி மட்டும் மாறி மாறி வரும், விடையை யாரும் மறுபடி போட்டுப் பார்த்ததில்லை. தூசியை ஊதிவிட்டு, தேடி ஒரு பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்தார்.

'பை = 22/7 எனக் கொள்க. எனவே 44 புள்ளிகளுக்கு ஒரு முறை திரும்ப வரும்.' சாய்ந்த எழுத்து. ஏழுக்குக் குறுக்கே ஒரு சின்னக் கோடு. ஏழுக்குக் குறுக்கே கோடு போடுகிற ஒரே ஆள் அந்தத் துறையில் முத்துமீனாதான்.

கீழே பெயரும் தேதியும் இருந்தன. அவள் வேலைக்குச் சேர்ந்த நாற்பதாவது நாள். பொங்கல் விடுமுறையில் இருநூற்று நாற்பது கேள்விக்கும் விடை எழுதித் தரச் சொல்லியிருந்தார்கள். வேலை புதுசு, பயம் பழசு. கரும்பும் மஞ்சளும் கிடந்த வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதித் தள்ளினாள். அப்போது அவளுக்கே தெரியாது. வகுப்பில் நடத்தப் போய், ஒரு பையன் கேட்ட கேள்விக்குப் பதில் தேடி, இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்ததும் தன் நோட்டில் திருத்திக்கொண்டாள். பாடத்தைத் திருத்திக்கொண்டாள். பீரோவுக்குள் கிடந்த இந்தப் பக்கத்தைச் சுத்தமாக மறந்து போனாள்.

"எழுதுனது நீங்கன்னு எனக்கு மொத நாளே தெரியும்மா" என்றார் காசிமாயன் மெதுவாக. "அதான் சாயந்தரம் வாங்க, நாளைக்கு வாங்கன்னு தள்ளிப் போட்டேன். சரி, ஆறிப்போகும்னு நெனச்சேன்."

"இந்தக் கேள்வி எத்தன தடவ வந்துருக்கு சார்?"

"நாலு தடவ."

நாலு தடவை. அவள் சொன்னதைக் கேட்டு 'வராது' என்று எழுதியவனுக்கு, அவள் எழுதி வைத்ததைக் கொண்டே நாலு தடவை பூஜ்யம் போட்டிருக்கிறார்கள். வகுப்பைக் கவனிக்காமல் 22/7-ஐ உருப்போட்டவனுக்கு முழு மார்க். தன் வினை தன்னைச் சுட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, அவளுக்கு ஒரு சூடும் படவில்லை. பட்டதெல்லாம் பிள்ளைகளுக்கு. அந்த மேஜையிலேயே தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

"லெட்டர் எழுதித் தாரேன் சார். கீ தப்பு, எழுதுனது நான், நாலு வருஷத்துப் பேப்பரையும் எடுத்துப் பாக்கணும்னு."

"கிணறு வெட்டப் பூதம் கிளம்புன கதையா ஆயிரும்மா. குழு வர்ற நேரம். பழைய பேப்பரெல்லாம் எடைக்குப் போட்டாச்சு. உங்க ப்ரமோஷன் ஃபைல் இங்கதான் இருக்கு, ரெண்டும் சேந்து ஒரே மேஜைக்குத்தான் போகும். யோசிச்சுக்கங்க."

யோசித்தாள், இல்லையென்று சொல்ல முடியாது. ஆய்வகத்துக்குப் போய் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் யோசித்தாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பதவி. அப்பா கருத்தக்கண்ணனிடம் இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று சொல்லியும் ஆயிற்று. சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பவதாரிணி ஆறு மாதம் கழித்து மறுபடி எழுதித் தேறிவிடுவாள், வேலைதான் போய்விடும். வேறு வேலை கிடைக்காமலா போகும்? இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அதே வாயால் வகுப்பில் பேசியது ஞாபகம் வந்தது. கிட்டத்தட்டச் சரி என்பது சரியில்லை என்றுதானே பன்னிரண்டு வருஷமாகக் கத்துகிறாள். தன் விஷயத்தில் மட்டும் ஒரு தசமத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?

ஒரு பக்கக் கடிதம். மூன்றாவது வரியில், 'இந்தப் பிழையான விடையை எழுதியவள் நானே' என்று இருந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே வந்து பவதாரிணியிடம், "நாளைக்கு வராத. கூப்புடுறேன்" என்றாள்.

கல்லூரியின் தேர்வுக் குழு கூடிப் பேசி முடிக்க இன்னும் நாலு நாள் ஆயிற்று. எட்டாவது நாள் மதியம் அழகுபாண்டி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "முடிஞ்சுருச்சு மேடம். புள்ள பாஸு."

முத்துமீனா படித்தாள். 'பதிமூன்றாவது வினாவின் வாசகத்தில் தெளிவின்மை இருந்ததால், அந்த வினாவை எழுதிய அனைவருக்கும் கருணை மதிப்பெண்ணாக எட்டு மதிப்பெண்கள் வழங்கப்படுகின்றன.' அவ்வளவுதான். கீ தப்பு என்று ஒரு சொல் இல்லை. நாலு வருஷத்தைப் பற்றி மூச்சில்லை. மூன்றாவது வரியைக் காணவே காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், இங்கே சோறும் இல்லாமல் மறைத்துவிட்டார்கள்.

நேராகக் காசிமாயனிடம் போனாள். "வாசகத்துல என்ன சார் தெளிவில்ல? கேள்வி தெளிவாத்தான் இருக்கு. விடைதான் தப்பு."

"புள்ளைக்கு வேல கெடச்சுருச்சுல்ல? உங்க ஃபைலும் பத்திரமா இருக்கு" என்றார் அவர். நல்லது செய்துவிட்ட நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. "அந்த வரிய மட்டும் எடுத்துட்டு உங்க லெட்டர டைப் அடிச்சுக் குடுத்தேன். அது எதுக்கும்மா, விடுங்க."

"வினா வங்கியில இருக்கறத மாத்துனீங்களா?"

"குழு வந்துட்டுப் போகட்டும்மா. பாத்துக்கிருவோம்."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு ஒருவரை எப்படித் திட்டுவது? பீரோ திறந்து கிடந்தது. கோப்பிலிருந்து அந்தப் பக்கத்தை அவர் கண் முன்னாலேயே உருவி எடுத்தாள். "இது என் எழுத்து சார். நான் கொண்டு போறேன்" என்றாள். அவர் வாயைத் திறந்தார், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பவதாரிணி மாலை நாலு மணிக்கு வந்தாள். வீட்டில் செய்த கடலை மிட்டாய் ஒரு டப்பாவில். அப்பா கொடுத்து அனுப்பினாராம். ஆணையைப் படிக்கக் கொடுத்தாள் முத்துமீனா. படித்தவள் டப்பாவை மேஜையில் வைத்தாள், முகம் மலரவில்லை.

"கருண மார்க்கா மேம்?"

"பாஸ் ஆயிட்டேல்ல."

"பாஸ்தான் மேம். எங்க வீட்டுல எல்லாத்துக்கும் சந்தோஷம்." கொஞ்சம் தயங்கினாள். "எங்க தாத்தாவெல்லாம் கருணைக்கு நின்னது போதும்னுதான் மேம் எங்கப்பா படிக்க அனுப்புனாரு. நான் சரியாத்தான எழுதுனேன்? நாப்பத்து நாலுன்னு எழுதுனவனுக்கும் எட்டு மார்க், எனக்கும் எட்டு மார்க்கு. அப்ப எது சரின்னு யாரு மேம் சொல்றது?"

முத்துமீனா சிவப்புப் பேனாவைத் திறந்தாள். பவதாரிணியின் விடைத்தாள் நகலை எடுத்தாள். மூலையில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டுக்கு எட்டு என்று போட்டுக் கையெழுத்திட்டாள். "இது ஆபீசுல செல்லாது. ஆனா இதுதான் உன் மார்க்கு."

பவதாரிணி அதை வாங்கிக்கொண்டாள். பிறகு மேஜையில் கிடந்த பழுப்பேறிய இன்னொரு தாளை எட்டிப் பார்த்தாள். "இதுதான் மேம் அந்தக் கீயா? யாரு மேம் எழுதுனது, பையப் போயி 22/7-ன்னு? நம்ம வகுப்பா இருந்தா நீங்க பேப்பரக் கிழிச்சுருப்பீங்க."

மூன்றாவது வரியை எடுத்துவிட்டார்கள். இப்போது சொல்லாவிட்டால் இனி யாருக்கும் தெரியாது. முத்துமீனா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்து, தன் சாய்ந்த எழுத்தின் குறுக்கே கோடு போட்டு, மூலையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டாள். அன்றைய தேதியைப் போட்டாள். தேதியில் இருந்த ஏழுக்குக் குறுக்கே வழக்கம்போல் அந்தச் சின்னக் கோடும் விழுந்தது.

தாளில் இருந்த பழைய ஏழையும் அப்போது விழுந்த ஏழையும் பவதாரிணி மாறி மாறிப் பார்த்தாள்.

"நான்தான் எழுதுனேன்" என்றாள் முத்துமீனா. "உன்னயச் சேத்து நாலு வருஷத்துப் புள்ளைகளுக்கு நான்தான் பூஜ்யம் போட்டுருக்கேன். மத்தவுக யாருன்னுகூட எனக்குத் தெரியாது."

பவதாரிணி டப்பாவைத் திறந்து ஒரு கடலை மிட்டாயை எடுத்து முத்துமீனா முன்னால் வைத்தாள். தன் விடைத்தாளை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "வாரேன் மேம், அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போகணும்" என்று கிளம்பினாள்.